பூங்காவுக்குக் கீழே ஒரு கால்வாய்

மைசூரில் இருக்கும் எங்கள் தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு மலர் போடுகிறார்கள். பாதிப் பேருடைய பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராது, ஆனாலும் விடாமல் போடுகிறார்கள். இந்த வருஷம் என்னிடம் ஒரு கட்டுரை கேட்டு வந்தார்கள். நான் வேலை பார்த்த நகரத் திட்ட அலுவலகத்தில் பழைய வரைபடங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டு, மூலப் பிரதிகளைக் கட்டி வைக்கப் போகிறார்களாம். கையால் வரைந்த கடைசி ஆட்களில் நீங்களும் ஒருவர், அதைப் பற்றி எழுதுங்கள், பூங்கா, ஏரி என்று படிக்கிறவர்களுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்றார்கள்.

குளிர்ச்சி என்றதும் எனக்குச் சிரிப்பு வந்தது. மழை வரும் போல இருந்தாலே எனக்கு வேலை ஓடாது. மத்தியானம் மூன்று மணிக்கு வானம் கறுத்தால் மாடியில் போய் நின்றுகொள்வேன். துணி எடுக்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போவேன். துணி கொடியிலேயே நனைந்துகொண்டிருக்கும், நான் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் கணவர் இதைக் கண்டுகொள்வதை விட்டுப் பல வருஷம் ஆகிறது. இதற்கெல்லாம் காரணம் நான் வரைந்த ஒரு கோடு. கையால் வரைவது போய்விட்டதே என்று எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. கம்ப்யூட்டராவது என்னை மாதிரிப் பொய் சொல்லாமல் இருந்தால் சரி.

என் சொந்த ஊர் தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர் தாலுக்கா ராமாபுரம். ஐடிஐயில் வரைவாளர் படிப்பை முடித்துவிட்டு மைசூருக்கு வந்தேன். வரைபடங்களைப் பிரதி எடுக்கிற டிரேசர் வேலை கிடைத்தது. முதல் இரண்டு வருஷம் எழுத்து எழுதப் பழகியதிலேயே போயிற்று. கை நடுங்காமல் கோடு இழுக்க மூன்றாவது வருஷத்தில்தான் வந்தது. அலுவலகம் முழுக்க, வரைபட நகல் எடுக்கும் அமோனியா பிரிண்டின் நெடி அடிக்கும், முதல் மாதம் கண்ணில் நீர் வழிந்துகொண்டே இருந்தது. வீட்டுக்கு ஏங்கி அழுகிறாள் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

எனக்கு மேலே இருந்தவர் நஞ்சுண்டய்யா சார். வீட்டிலும் ஆபீஸிலும் கன்னடம்தான். ஒல்லியான மனிதர், வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பென்சில். வரைபடத்தை உட்கார்ந்து பார்க்கவே மாட்டார். மேஜைக்கு முன்னால் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நாலு பக்கமும் சுற்றிவந்து பார்ப்பார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் இறங்கிவிடும். அவர் மெதுவாகப் பேச ஆரம்பித்தால் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொள்வோம்.

வரைந்தவர் அந்த இடத்துக்குப் போய் நடந்து பார்த்திருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். அப்படிப் பார்க்காத வரைபடத்தில் கையெழுத்துப் போட மாட்டார். எங்களை அழைத்துக்கொண்டு வெளியே போனால், குடிக்கக் கொண்டுவந்த பாட்டிலிலிருந்து ஒரு கை தண்ணீரைத் தரையில் ஊற்றுவார். அது எந்தப் பக்கம் நகர்கிறது என்று குனிந்து பார்ப்பார். கண்ணுக்குச் சமமாகத் தெரிகிற வயலில்கூடத் தண்ணீர் ஒரு பக்கமாகக் கிளம்பும். மைசூர் மேடும் பள்ளமுமான ஊர், மேட்டில் பெய்கிற மழை இறங்கிப் போக ஒரு வழி வேண்டும், அந்த வழியை மூடிவிட்டு எத்தனை அழகான நகரத்தை வரைந்தாலும் அது நிற்காது என்பார். நாங்கள் தலையாட்டிவிட்டு, டீ எப்போது வாங்கித் தருவார் என்று காத்திருப்போம்.

இப்போது அந்தக் கோட்டுக்கு வருகிறேன். நகரத்தின் பெரிய வரைபடத்தை ஒரேயடியாக யாரும் வரைவதில்லை. ஒவ்வொரு கிராமத்துக்கும் பழைய அளவைத் தாள் ஒன்று இருக்கும். கீழே டியூப்லைட் எரிகிற கண்ணாடி மேஜையில் இரண்டு கிராமத் தாள்களை ஓரத்தோடு ஓரம் சேர்த்து வைத்து, மேலே டிரேசிங் துணியை விரித்து, தெரிகிற கோடுகளைப் பிரதி எடுக்க வேண்டும். இரண்டு தாளின் ஓரங்களும் ஒருநாளும் பொருந்தாது. ஒரு நகக்கண் அளவு இடைவெளி விழும், அல்லது ஒன்றின்மேல் ஒன்று ஏறும். அதை இழுத்துப் பிடித்துச் சரிக்கட்டுவதுதான் எங்கள் சாமர்த்தியம்.

ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பெரிய கால்வாயை இங்கே ராஜகாலுவே என்பார்கள். அது பல இடங்களில் இரண்டு கிராமங்களின் எல்லையாகவே ஓடும். அப்படி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சார் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். முதலில் நீல மையில் கால்வாயை வரைய வேண்டும். அது காய வேண்டும். பிறகு அதை ஒட்டி, அதன்மேல் ஏறாமல், கறுப்பில் எல்லைக்கோடு போட வேண்டும். எல்லைக்கோடு தடிமன், கால்வாய் மெல்லிசு. அவசரப்பட்டுக் கறுப்பை மேலே போட்டால் நீலம் அடியில் போய்விடும், பிறகு அதை யாரும் தேட மாட்டார்கள்.

ஊருக்கு வெளியே அப்போது வயலாக இருந்த ஒரு பகுதியின் வரைபடம் எனக்கு வந்தது. இடத்தின் பெயரையும் ஏரியின் பெயரையும் நான் எழுதப் போவதில்லை, அங்கே ஆட்கள் குடியிருக்கிறார்கள். மேலதிகாரிகளின் கூட்டம் ஒன்றுக்காக இரண்டு வார வேலையை நாலு நாளில் முடிக்கச் சொன்னார்கள். நஞ்சுண்டய்யா சாருடைய மனைவி அந்த வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தார். சார் காலையில் வந்து தலையைக் காட்டிவிட்டு ஓடிக்கொண்டிருந்தார்.

கிழக்குக் கிராமத்தின் தாள் சுத்தமாக இருந்தது. அதன் ஓரத்தில் எல்லைக்கோடு மட்டும்தான். மேற்குக் கிராமத்தின் தாள் மடிப்பில் கிழிந்து, பின்னால் துணி ஒட்டி, பழுத்துப்போயிருந்தது. அதன் ஓரத்தில், கிழிசலை ஒட்டி, இரண்டு மெல்லிய கோடுகள் தெரிந்தன. கால்வாயாகவும் இருக்கலாம், வண்டிப்பாதையாகவும் இருக்கலாம். போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும்.

போனேன். பஸ்ஸை விட்டு இறங்கினேன். மார்பளவு ராகி, ஆள் நடமாட்டமே இல்லை, வயலுக்கு நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை. நான் தனியாக இருந்தேன், எனக்கு இருபத்துமூன்று வயது. பத்து நிமிஷம் சாலையிலேயே நின்றேன். பயமாக இருந்தது. எதிரே வந்த பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன். மறுநாள் சுத்தமான தாளை நம்பி, எல்லையைத் தடிமனாகக் கறுப்பில் இழுத்தேன். இரண்டு மெல்லிய கோடுகள் இருந்த இடம் அதற்குள் அடங்கிப்போயிற்று. மூலையில் வரைந்தவர் என்ற இடத்தில் என் முதலெழுத்துகளைப் போட்டேன்.

சார் வந்து, வழக்கம்போல நின்றுகொண்டே பார்த்தார். "நடெது நோடித்யேனம்மா?" என்று கேட்டார். நடந்து பார்த்தாயா என்று. பார்த்தேன் சார் என்றேன். அவர் ஒரு கணம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பிறகு பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். ஆஸ்பத்திரிக்கு நேரமாகிறது என்று சொல்லிக் கிளம்பினார்.

அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணமாயிற்று, பிள்ளைகள் பிறந்தார்கள், டிரேசராக இருந்தவள் வரைவாளர், பிறகு தலைமை வரைவாளர் ஆனேன். சார் ஓய்வு பெற்று ஸ்ரீரங்கப்பட்டணத்தில் மகன் வீட்டுக்குப் போனார். அந்த ராகி வயல் லேஅவுட் ஆயிற்று. லேஅவுட் போடுகிறவர்கள் இத்தனை பங்கு நிலத்தைப் பூங்காவுக்கு விட வேண்டும் என்று விதி இருக்கிறது. எந்த நிலத்தை விடுவார்கள் என்று நினைக்கிறீர்கள்? வீடு கட்ட லாயக்கில்லாததைத்தான். மின்கம்பிக்குக் கீழே இருப்பது, முக்கோண மூலை, தண்ணீர் தேங்குகிற பள்ளம். இங்கே இரண்டு கிராம எல்லையை ஒட்டி, நீளமான ஒரு பள்ளத்தைப் பூங்கா என்று விட்டிருந்தார்கள். அந்தப் படத்தைச் சரிபார்க்கும் மேஜையில் அப்போது நான் இருந்தேன். பள்ளமாக ஏன் கிடக்கிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நீளமாக இருக்கிறது, காலையில் நடக்கிறவர்களுக்கு நல்லது என்று நினைத்துப் பச்சை பூசினேன். பள்ளத்தை அவர்கள் மண் கொட்டி நிரப்பினார்கள்.

இடம் எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன். மேட்டிலிருந்து இறங்கி வரும் நீளப் பூங்கா. அதன் கீழ்க்கோடியில் ஒரு சாலை. சாலையைத் தாண்டி இறங்கினால் ஒரு வரிசைச் சின்ன வீடுகள், அந்த வரிசையை ஒட்டி ஒரு சந்து. சந்துக்கு அப்பால் ஏரி. கால்வாய் பூங்காவுக்குக் கீழே புதைந்து போனதால் ஏரிக்குத் தண்ணீர் வரவில்லை. ஏரி வற்ற வற்ற, அதைக் காப்பாற்றுகிறோம் என்று சுற்றிக் கரை உயர்த்தி நடைபாதை போட்டார்கள். வற்றிய ஏரிக்கு நடைபாதை. மேட்டில் பெய்கிற மழை பூங்காவின் இரு பக்கமும் வழிந்து, சாலையில் சேர்ந்து, சின்ன வீடுகளுக்குள் இறங்க ஆரம்பித்தது.

நான் ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தபோது அந்த வரிசையிலிருந்து ஒரு மனு வந்தது. நிலத்தின் மேடு பள்ளத்தை அளந்து மட்டம் எடுக்க நானும் இரண்டு பேரும் போனோம். மனுவில் முதல் கையெழுத்துப் போட்டிருந்தவள் பழனியம்மா. தேவராஜ மார்க்கெட்டில் மல்லிகையும் வெற்றிலையும் விற்கிறவள், ஐம்பது வயது இருக்கும். அவள் புருஷனுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் முழுக்கச் செயலற்றுப் போயிருந்தது. உள்ளறையில் கட்டிலில் படுத்திருந்தார், கட்டில் கால்கள் ஒவ்வொன்றுக்கும் கீழே மூன்று செங்கல் வைத்திருந்தது. சுவரில் தண்ணீர் நின்ற கறை என் முழங்காலுக்கு மேலே இருந்தது.

"பாத்து வாங்கக்கா, கல்லு வழுக்குமுங்க," என்று கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். நான் இரண்டு வார்த்தை பேசியதும் முகத்தைப் பார்த்தாள். நம்ம பக்கத்து ஆளா என்று கேட்டாள். அவள் ஹனூர்க்காரி. அதற்குப் பிறகு என்னை அரசாங்க ஆளாக அவள் நினைக்கவில்லை, மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினாள். மார்க்கெட்டில் உட்கார்ந்திருக்கும்போது வானத்தையே பார்த்துக்கொண்டிருப்பாளாம். இருட்டினால் விற்காத பூவைப் பக்கத்துக் கடையில் தள்ளிவிட்டு ஓடிவருவாளாம். முந்தின வருஷம் தசரா நேரம், ஊர்வல ஒத்திகைக்காகச் சாலையை மறித்திருந்தார்கள், பஸ் நகரவில்லை. அவள் வந்து சேர்ந்தபோது தண்ணீர் கட்டில் பலகையைத் தொட்டிருந்தது. புருஷனுடைய கை தொங்கித் தண்ணீருக்குள் கிடந்தது. அவரால் அந்தக் கையைத் தூக்க முடியாது.

"கத்தினாருங்களாம். மழைச் சத்தத்துல யாருக்குங்க கேக்கும்?" என்றாள். "நாங்க ஒண்ணும் கண்ண மூடிட்டு வாங்கலீங்கக்கா. உங்க ஆபீசு மேப்பு காப்பி எடுத்து, படிச்சவங்க ரெண்டு பேருகிட்டக் காட்டிட்டுத்தான் வாங்கினோமுங்க. ஓடை கீடை ஏதும் இல்லீன்னாங்க. மேப்புலயே இல்லீங்களே."

அவள் கொடுத்த காபியை என்னால் குடிக்க முடியவில்லை. மறுநாள் ஆவண அறைக்குப் போய், என் பழைய வரைபடத்தையும் அந்த இரண்டு கிராமத் தாள்களையும் தேடி எடுத்தேன். கிழிந்த தாளின் ஓரத்தில் இரண்டு மெல்லிய கோடுகளும் அப்படியே இருந்தன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், கிழிசலுக்கு அந்தப் பக்கம் கால்வாயின் அகலமும் எழுதியிருந்தது. முப்பது அடி. நான் அன்று பூதக்கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை.

உடனே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தாளைச் சுருட்டி என் அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டு, நாலு மாதம் சும்மா இருந்தேன். ஓய்வு பெறும் வயதில் விசாரணை வந்தால் என்ன ஆவது என்ற பயம். சாருடைய கையெழுத்தும் அதில் இருக்கிறதே என்று எனக்கு நானே ஒரு நியாயம் வேறு.

அந்த நாலு மாதத்தில் கோப்பு மைசூரையே சுற்றிப் பார்த்தது. பூங்கா ஒரு துறையிடம், சாலை இன்னொரு துறையிடம், ஏரி மூன்றாவது துறையிடம். ஒவ்வொருவரும் அடுத்தவருக்குக் கடிதம் எழுதினார்கள். நாங்கள் எடுத்த மட்டத்தைப் பார்த்து, அங்கே ஒரு கால்வாய் இருந்திருக்கும், பூங்காவை வெட்டி அதைத் திறக்க வேண்டும் என்று யாரோ ஒரு வரி எழுதியதும், லேஅவுட்டில் குடியிருக்கிறவர்கள் எதிர்த்துக் கிளம்பிவிட்டார்கள். அவர்களுக்குத் தலைமை ஜானகி என்ற ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியை. அவரைக் கெட்டவராக எழுதினால் எனக்கு வசதியாக இருக்கும், ஆனால் அவர் நல்லவர். மழை பொய்த்த வருஷங்களில் வீட்டுக் குளியல் தண்ணீரைச் சுமந்து ஊற்றி அந்தப் புங்கையையும் நாவலையும் வளர்த்தவர். அவரே என்னைப் பூங்காவில் நடக்கவைத்து ஒவ்வொரு மரமாகக் காட்டினார். நன்றாக நிழல் விழுந்திருந்தது, அணில் ஓடிக்கொண்டிருந்தது. இங்கே கால்வாய் இருந்தது என்கிறீர்களே, உங்கள் வரைபடத்தில் எங்கே, காட்டுங்கள், காட்டினால் நானே கோடரி எடுத்துத் தருகிறேன் என்றார். அவர் கையில் என் வரைபடத்தின் பிரதி இருந்தது. மூலையில் என் முதலெழுத்துகள்.

அன்று மாலையே ஸ்ரீரங்கப்பட்டணம் போனேன். சாருக்கு எண்பதுக்கு மேல். முழங்கால் போய்விட்டது, வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வரைபடத்தையும் கிழிந்த தாளையும் விரித்து வைத்தேன். அவர் மகனைக் கூப்பிட்டு, தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று பார்த்தார். நான் அன்று நடந்து பார்க்கவில்லை, உங்களிடம் பொய் சொன்னேன் என்றேன். 

அவர் கன்னடத்தில் மெதுவாகப் பேசினார். "எனக்குத் தெரியும். அன்று உன் காலைப் பார்த்தேன். ராகி வயலில் நடந்தவள் செருப்பு அத்தனை சுத்தமாக இருக்காது. பார்த்துவிட்டும் கையெழுத்துப் போட்டேன். எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது."

மகன் தோளைப் பிடித்தபடியே உட்கார்ந்தார். பிறகு, நடந்ததை ஆபீஸில் எழுதிக் கொடுக்கும்போது என் பெயரையும் சேர்த்து எழுது, உன் பெயரை மட்டும் எழுதாதே என்றார். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அத்தனை வருஷம் நான் தனியாகச் சுமந்ததை அவரும் வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார். வீடு திரும்பும் வழியில் அந்தக் கோபமும் கரைந்துபோய், வெறும் பயம்தான் மிஞ்சியது.

செப்டம்பரில் கூட்டம் வைத்தார்கள். மூன்று துறைக்காரர்கள், லேஅவுட்காரர்கள், பழனியம்மா வரிசையிலிருந்து நாலு பேர். எங்கள் அப்போதைய அதிகாரி சின்ன வயசுக்காரர், கெட்டிக்காரர், தசராவுக்கு முன்னால் இதை முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தார். தசரா வந்துவிட்டால் விளக்கு, சாலை, விருந்தினர் என்று ஊரே அதன் பின்னால் போய்விடும், ஒரு வேலையும் நடக்காது. நான் எழுந்து கிழிந்த தாளை மேஜையில் விரித்தேன். கால்வாய் இங்கே இருந்தது, அதை வரையாமல் விட்டது நான், போய்ப் பார்க்காமலே பார்த்ததாகப் பொய் சொன்னேன் என்றேன். சார் சொன்னபடி அவர் பெயரையும் சொன்னேன். 

யாரும் என்னைத் திட்டவில்லை. ஜானகி மேடம் தாளைக் குனிந்து நெடுநேரம் பார்த்தார். முப்பது அடி என்றால் எத்தனை மரம் போகும் என்று கேட்டார். எல்லாம் போகும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை.

அப்போது அதிகாரி ஒரு யோசனை சொன்னார். ஒரு ஓரமாகப் பன்னிரண்டு அடிக்குக் கால்வாய் வெட்டலாம். ஒரு வரிசை மரம்தான் போகும், பெரிய மரங்கள் தப்பும். சாலைக்கு அடியில் குழாய், பிறகு சந்து வழியாக ஏரி. மூன்று துறையும் ஒப்புக்கொண்டால் இந்த மாதமே ஆரம்பிக்கலாம். முப்பது அடி கேட்டால் வழக்கு வரும், எத்தனை வருஷம் ஆகும் என்று சொல்ல முடியாது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பன்னிரண்டு அடி போதுமா என்று அதிகாரி என்னைக் கேட்டார். பழனியம்மா கைகளை மடியில் வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாதாரண மழைக்குப் போதும் சார்," என்றேன்.

ஜானகி மேடம் மூச்சு விட்டார். அறையில் எல்லாருமே மூச்சு விட்டார்கள். நான் சொன்னது பொய் இல்லை. அடுத்த வருஷங்களில் வரப்போகிற மழையெல்லாம் சாதாரணமாக இருக்குமா என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஒரு தப்பை ஒத்துக்கொண்ட களைப்பில் இருந்தேன். இந்த ஐப்பசிக்குள் அந்தக் கட்டிலைக் காப்பாற்றிவிட்டால் போதும் என்று மட்டும்தான் எனக்குத் தோன்றியது. இரண்டு நாள் கழித்துக் கூட்டக் குறிப்பு கையெழுத்துக்கு வந்தது. அதில் பன்னிரண்டு அடி போதுமானது எனத் தலைமை வரைவாளர் தெரிவித்தார் என்று இருந்தது. சாதாரண மழைக்கு என்ற இரண்டு வார்த்தைகளைக் காணவில்லை. எழுதியவருக்கு அது தேவையில்லாத சொல்லாகத் தெரிந்திருக்கும். திருத்தச் சொன்னால் கோப்பு மறுபடி சுற்றும், தசரா வந்துவிடும். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

கால்வாய் வெட்டினார்கள். மரம் விழுந்த அன்று ஜானகி மேடம் கடைசிவரை நின்று பார்த்தார் என்று சொன்னார்கள். எனக்கு ஒரு மெமோ வந்தது, விளக்கம் எழுதினேன், வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை, ஓய்வு பெற்றேன். சார் அடுத்த வருஷம் காலமானார். ஏரியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது, கொக்கு வருகிறது என்கிறார்கள். மூன்று மழைக்காலம் போயிற்று, பழனியம்மா வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு பந்து மல்லிகையோடு என் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவளைப் பார்த்தால் எனக்குச் சந்தோஷமாகவும் இருக்கும், எப்போது எழுந்து போவாள் என்றும் இருக்கும்.

போன வாரம் மார்க்கெட்டிலிருந்து போன் செய்தாள். பின்னால் ஆட்கள் விலை பேசுகிற சத்தம் கேட்டது.

"அக்கா, பக்கத்து வீடு வெலைக்கு வருதுங்க. மகளுக்கு எடுத்துப் போடலாம்னு இருக்கறேன். அவ பக்கத்துல இருந்தா அவுங்கப்பனப் பாத்துக்க ஒரு ஆளாச்சுங்களே. நீங்க மேப்பப் பாத்து ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா நாளைக்கே அட்வான்ஸ் குடுத்துருவேனுங்க."

சரி, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "வேண்டாம் பழனியம்மா. வாங்காதீங்க," என்றேன்.

ஏன் என்று கேட்டாள். சொன்னேன். கால்வாய் முன்னால் எத்தனை அடி இருந்தது, நாம் எத்தனை அடி வெட்டினோம், இப்போதெல்லாம் ஒரே நாளில் கொட்டுகிற மழை வந்தால் அந்தக் குழாய் தாங்காது, தண்ணீர் சாலை ஏறிப் பழைய வழியிலேயே இறங்கும் என்று சொன்னேன். 

"அப்ப நாங்க இருக்கற வீடுங்கக்கா?" என்றாள்.

அதற்கான பதில் மூன்று வருஷமாக என்னிடம் இருக்கிறது. கூட்டத்தில் எல்லாருக்கும் கேட்கும்படி நான் சொல்லியிருக்க வேண்டிய பதில். அதை அவள் ஒருத்தியிடம், போனில், முழுதாகச் சொன்னேன்.  பூ வாங்க ஆள் நிற்கிறது, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டாள். இன்னும் கூப்பிடவில்லை.